மூன்று பற்றரிகளைத் தின்ற படகு

நயினாதீவுக்குப் போன படகு நடுக்கடலில் நின்றுவிட்டது என்று செய்தி வந்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஆட்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம் போயிருக்கும் என்றால், கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைக்கிற நேரம். ஆனாலும் சந்தோஷம் முந்திவிட்டது. இதை எழுதாமல் விட்டால் மிச்சத்தை எழுதிப் பிரயோசனமில்லை.

பற்றரி வேலையும் வயரிங் வேலையும் முப்பது வருடத்துக்கு மேலாகச் செய்கிறேன். கொக்குவிலில் ரயில் கடவைக்குக் கிட்டக் கடை. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். காலையில் திருநீறு பூசி, சுவாமிப் படத்துக்கு விளக்கு வைத்து, அதற்குப் பிறகுதான் சுவிச்சில் கை வைப்பேன். தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு வோல்ற் மீற்றரை எங்கே வைத்துப் பார்ப்பது என்று இதில் சொல்கிறேன். அதைச் சொல்லப் போனால் என்னைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

1. எங்கடை போட்

குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற படகுகளில் ஒன்று சின்னராசா முதலாளியுடையது. அவர் புங்குடுதீவு ஆள். பதினொரு வருடம் அந்தப் படகின் பற்றரி, அதற்குச் சார்ஜ் ஏற்றுகிற ஓல்ரநேற்றர், லைற், தண்ணீர் இறைக்கிற பம்ப் எல்லாம் என் கையில்தான் இருந்தன. முதலாளி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பற்றரி அண்ணை" என்பார். நானும் கடையில் யாராவது கேட்டால் "எங்கடை போட்" என்றுதான் சொல்வேன். என் மனைவி வசந்தி இதைக் கேட்டுவிட்டு, "போட் வாங்கினதை எனக்குச் சொல்லவேயில்லை" என்று பகிடி பண்ணுவாள்.

மற்ற வாகனங்களுக்குப் புதுப் பற்றரி பூட்டினால் பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு சந்தனப் பொட்டு வைப்பேன். அதோடு சரி. இந்தப் படகுக்கு மட்டும் தனி முறை. இது நயினாதீவில் இருக்கிற அம்மனிடம் ஆட்களைக் கொண்டுபோகிற படகு. அதனால் அம்மன் கோயிலில் வாங்கிய சந்தனத்தைக் கடதாசியில் மடித்து வைத்திருப்பேன். அதோடு கொஞ்சம் திருநீற்றைக் குழைத்து, வயர் பூட்டுகிற இரண்டு ரேமினலிலும் பூசி, அதற்கு மேல் வயரின் வளையத்தை வைத்து இறுக்குவேன். கறன்ற் அம்மனுடைய சந்தனத்துக்கு ஊடாகப் போகட்டும் என்று எனக்கு ஒரு எண்ணம். படகை ஓட்டுகிற செல்வம் கிட்ட நின்று கும்பிடுவான். ஒரு குறையும் வந்ததில்லை. ஒரு பற்றரி மூன்று வருடம், மூன்றரை வருடம் என்று உழைத்தது.

2. நிரம்பாத பற்றரி

இரண்டு வருடத்துக்கு முன்பு வேறு மாதிரிப் பற்றரிகள் கடைகளுக்கு வந்தன. பழையவற்றில் ரேமினல் கூம்பு மாதிரி இருக்கும். வளையத்தைத் தட்டி இறக்கி இறுக்குவோம். இவற்றில் தட்டையான தலை, நடுவில் ஒரு போல்ற். வயர் நுனியில் இருக்கிற தட்டைக் காதை, லக் என்போம், மேலே படுக்கவைத்து நட்டை முறுக்கினால் சரி. வேலை சுகம். சந்தோஷமாகப் பூட்டினேன்.

அந்த முதல் பற்றரி எட்டு மாதத்தில் செத்தது.

காலையில் இஞ்சினை ஸ்ராட் பண்ணத் திறப்பைத் திருப்பினால் ஸ்ராட்டர் நோயாளி எழும்புவதுபோல எழும்பும். நான் போய்ப் பார்த்தேன். பெல்ற் இறுக்கம் சரி. இஞ்சின் ஓடும்போது ஓல்ரநேற்றரில் பதினாலு வோல்ற் வருகிறது. வயர் வழியே வந்து லக்கில் வைத்துப் பார்த்தாலும் பதினாலு. ஆனால் ஹைட்ரோமீற்றரால் பற்றரிக்குள் இருக்கிற அசிற்றை உறிஞ்சிப் பார்த்தால் மிதவை மேலே வரவில்லை. பற்றரி நிரம்பவேயில்லை. வாசலில் சாப்பாடு வந்து நிற்கிறது, உள்ளே இருப்பவன் பட்டினி. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல், புதுப் பற்றரியில் கொம்பனிப் பிழை என்று முடிவு கட்டினேன்.

இரண்டாவது பற்றரி ஐந்து மாதம். இந்த முறை ஓல்ரநேற்றரைக் கழற்றி பிறஷ், டயோட் எல்லாம் மாற்றினேன். பழைய பற்றரியைக் கழற்றும்போது லக்கின் அடியில் ஏதோ பொருக்காக ஒட்டியிருந்தது. கடலில் ஓடுகிற படகு, உப்புப் பூத்திருக்கிறது என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். துடைத்துவிட்டுப் புதுப் பற்றரிக்குச் சந்தனம் பூசி இறுக்கினேன்.

மூன்றாவதும் இழுக்கத் தொடங்கியபோது எனக்குச் சொல்லக் காரணம் இல்லாமல் போய்விட்டது. காரணம் இல்லாதபோது எங்கள் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. ஆளைக் குற்றம் சொல்வது. செல்வம் லைற்றை நிற்பாட்டாமல் போகிறான், பயணிகளுக்குப் போன் சார்ஜ் போடக் கொடுக்கிறான் என்று முதலாளிக்குச் சொன்னேன். முதலாளி அவனைத் துறையில் எல்லோருக்கும் முன்னால் கடுமையாகப் பேசினார். செல்வம் என்னைப் பார்த்தான், பிறகு கயிற்றைச் சுருட்டப் போய்விட்டான்.

"அண்ணை," என்றார் முதலாளி, "இந்தப் போட் டீசலிலை ஓடுதோ, பற்றரியைத் திண்டு ஓடுதோ எண்டு எனக்கு விளங்கேல்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை.

3. குகன்

குகன் வசந்தியின் தம்பி. தெற்கில் ஒரு படகு கட்டுகிற இடத்தில் பன்னிரண்டு வருடம் வயரிங் வேலை செய்தவன். பெண்சாதி பிள்ளைகளோடு திரும்பி வந்து உடுவிலில் இருக்கத் தொடங்கியிருந்தான். என்னை அத்தான் என்றுதான் கூப்பிடுவான். என் வீட்டில் நான் கதிரையில் இருந்தால் அவன் நின்றுகொண்டே கதைப்பான். இருக்கச் சொன்னால்தான் இருப்பான்.

அவனிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வேலைக்குப் போகும்போது அவனுடைய சேட் கசங்காது. மஞ்சள் உறைக்குள் ஒரு டிஜிற்றல் மீற்றர் வைத்திருப்பான். வயரை வெட்டாமல், தொடாமல், சுற்றிப் பிடித்தாலே எத்தனை அம்பியர் என்று சொல்லும். என்னுடைய மீற்றர் முள் ஆடுகிற பழைய சாமான், கண்ணாடியில் வெடிப்பு. ஒருநாள் அவன் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது நல்ல மீற்றர் அத்தான், இப்ப உப்பிடி வாறதில்லை" என்றான். உண்மையாகத்தான் சொல்லியிருப்பான். எனக்கு அது சவத்துக்கு மாலை போட்டதுபோல இருந்தது.

முதலாளி என் வீட்டு விசேஷம் ஒன்றுக்கு வந்தபோது அவனோடு கதைத்திருக்கிறார். ஒரு கிழமையில் எனக்குப் போன் எடுத்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. உங்கடை மச்சானை ஒருக்கால் கூட்டிக்கொண்டு வாங்கோவன். ரெண்டு பேரும் பாத்தால் பிடிபடும்."

நானே என் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருத்திக் கூட்டிக்கொண்டு போனேன். வேலணை, புங்குடுதீவு என்று அவ்வளவு தூரமும் அவன் ஏதேதோ கேட்டான். காற்றில் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டு போனேன். அவன் படகில் மூன்று மணித்தியாலம் இருந்தான். ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் படமாகக் கீறினான். கடைசியில், படகின் கூரையில் ஒரு சோலர் பனல் பூட்டினால் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் ஏறும் என்றான். முதலாளி ஓம் என்றார். அவனே பூட்டினான். அந்த வயரை நேரே பற்றரியில் கொண்டுவந்து முடிக்காமல், பற்றரிக்கு வெளியே இருக்கிற மெயின் சுவிச்சில் முடித்தான். அதை நான் கவனித்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

பற்றரி எழும்பிவிட்டது. மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகு எனக்குப் போன் வரவில்லை. அவனுக்குத்தான் போனது. கடைக்கு வருகிற தீவுப்பகுதி ஆட்கள் "உங்கடை மச்சான் கெட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துச் சொல்வார்கள். வசந்தி சாப்பாடு போட்டுக்கொண்டு தம்பியின் கதையே கதைப்பாள். ஒருநாள் கறிக்கு உப்புக் கூடிவிட்டது என்று சோற்றுக் கோப்பையைத் தள்ளினேன். உப்புக் கூடவில்லை.

நயினாதீவுக்குக் கும்பிடப் போனால் அந்தப் படகு முன்னால் நின்றாலும் ஏறாமல் அடுத்த படகுக்குக் காத்து நிற்பேன். காத்து நிற்கும் நேரம் அந்தப் பனலைப் பார்ப்பேன். பூட்டியதில் கோணல் இருக்கிறதா, வயர் தொங்குகிறதா என்று தேடுவேன். ஒன்றும் தொங்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்களிடம், "வெய்யில் உள்ளமட்டும்தான் உந்தச் சோலர்" என்று சொல்லி வைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மனுக்கு முன்னால் நின்று கேட்டேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. "அம்மா, அந்தப் போட் ஒருநாள் நிக்கவேணும். ஆருக்கும் ஒண்டும் வரக்கூடாது. சும்மா நிண்டால் காணும்." ஆட்களுக்கு ஆபத்து வராமல் என்று சேர்த்துக் கேட்டதால் அது பாவமில்லை என்று நினைத்துக்கொண்டேன். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

4. நின்ற நாள்

ஆனி மாதத் திருவிழாக் காலம். மூன்று நாளாக மூட்டம், காற்றும் இருந்தது. துறையில் சனம் நிரம்பி வழிந்தது. படகு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பாதிவழியில், படகுக்கு அடியில் சுற்றுகிற காற்றாடியில் ஒரு கயிறு சுற்றியிருக்கிறது. செல்வம் இஞ்சினை நிற்பாட்டிக் கயிற்றை வெட்டி எடுத்தான். பிறகு திறப்பைத் திருப்பினால் "டிக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்கியது. இன்னொரு படகு வந்து கயிறு போட்டு இழுக்கும்வரை பயணிகள் அந்த ஆட்டத்துக்குள் இருந்திருக்கிறார்கள்.

செல்வம்தான் எனக்குப் போன் எடுத்தான். "குகன் அண்ணைக்கும் சொல்லியிருக்கு. நீங்களும் வாறியளோ?" என்றான். வாறன் என்றேன்.

முதல் வரியில் எழுதிய சந்தோஷம் புங்குடுதீவுப் பாலம் தாண்டும்வரை என்னோடு வந்தது. என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளை ஓட்டினேன். "நான் அப்பவே சொன்னனான்" என்பதை எந்தக் குரலில் சொல்வது என்றுகூட யோசித்தேன்.

துறையில் பயணிகளைக் கைபிடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா இறங்கியதும் நிற்க முடியாமல் சீமெந்து நிலத்தில் அப்படியே இருந்துவிட்டா. சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. மடியில் அர்ச்சனைத் தட்டு. தேங்காயையும் பூவையும் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தா. கிட்டப் போன என்னிடம் தண்ணீர் கேட்டா. போத்தலைக் கொடுத்தேன். "அம்மன்தான் காப்பாத்தினவ, தம்பி" என்றா.

நான் அவவின் முகத்தைப் பார்க்கவில்லை. "சும்மா நிண்டால் காணும்" என்று நான் கேட்டது இதைத்தான்.

5. லக்கின் அடியில்

குகன் எனக்குப் பிறகு வந்தான். முதலாளி அவனைப் பேசத் தொடங்கிவிட்டார். திருவிழா நேரம், இவ்வளவு சனம், ஏதும் நடந்திருந்தால் நான் எந்த முகத்தோடு இந்தத் துறைக்கு வருவது என்று கேட்டார். அவன் இறங்கி இஞ்சின் பலகையைத் தூக்கினான். நானும் பின்னால் இறங்கினேன். உதவி செய்யப் போனேன் என்று எழுத ஆசைதான். பார்க்கத்தான் போனேன்.

பற்றரியின் ரேமினல் தலையில் மீற்றரை வைத்தான். பன்னிரண்டரை வோல்ற். நல்ல பற்றரி. செல்வம் திறப்பைத் திருப்பினான். டிக். திரும்பவும் டிக்.

இப்போது குகன் செய்ததைத் தொழிலுக்கு வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். மீற்றரின் ஒரு கம்பியைப் பற்றரியின் ரேமினல் தலையில் வைத்தான். மற்றதை அதன் மேலேயே இறுக்கியிருந்த லக்கில் வைத்தான். இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருக்கிற உலோகம். அவற்றுக்கு இடையில் ஒரு வோல்ற்றும் காட்டக்கூடாது. செல்வத்தைத் திருப்பச் சொன்னான்.

மீற்றர் ஒன்பதுக்கு மேல் காட்டியது.

முப்பது வருடம் வேலை செய்தவனுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. பற்றரியில் இருந்த பலம் முழுவதும் அந்த இடைவெளியிலேயே செத்துக்கொண்டிருந்தது. நான் எப்போதும் லக்கில் வைத்துத்தான் பார்த்திருந்தேன். லக்குக்கும் தலைக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை. சோலர் ஏன் உதவியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. சிறிய கறன்ற் அந்த அடைப்புக்குள்ளால் நாள் முழுவதும் கசிந்து உள்ளே போகும். ஆனால் அடைப்பு முற்றியதும் ஸ்ராட்டர் கேட்கிற பெரிய கறன்ற் வெளியே வராது.

குகன் ஸ்பானரை எடுத்தான். எடுத்தவன் கழற்றாமல் என்னிடம் நீட்டினான்.

"நீங்களே கழட்டுங்கோ அத்தான்."

கழற்றினேன். லக்கைத் தூக்கியபோது அடியில் ஒரு தகடு. மஞ்சளும் கறுப்புமாக, ஓரத்தில் பச்சை பூத்து, காய்ந்து கல்லாகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். நசிந்த துண்டில் இன்னும் கொஞ்சம் சந்தன வாசம் இருந்தது. பழைய கூம்பு ரேமினலில் வளையத்தைத் தட்டி இறக்கும்போது நான் பூசியது வழிந்து வெளியே போயிருக்கும். இந்தத் தட்டைத் தலையில் அது போக இடமில்லை. ஒவ்வொரு பற்றரிக்கும் நானே பூசி, நானே நட்டை இறுக்கி, நானே பட்டினி போட்டிருக்கிறேன்.

அந்த நேரத்திலும் எனக்கு வந்தது கோபம்தான். மெதுவாகக் கேட்டேன்.

"உனக்கு மூண்டு மாதத்துக்கு முந்தியே தெரிஞ்சிருக்கவேணும். ஏன் கழட்டிப் பாக்கேல்லை?"

"சந்தேகம் இருந்தது அத்தான்." அவன் மேலே முதலாளி நிற்கிற பக்கம் ஒருமுறை பார்த்தான். "நீங்கள் பூசை வைச்சுப் பூட்டினது. அதை நான் கழட்டினால் உங்கடை வேலையிலை பிழை பிடிக்கிற மாதிரிப் போயிடும். அக்காவுக்கும் மனவருத்தம். அதுதான் அதைத் தொடாமல் சுத்திப் போட்டு வேலை செய்தனான்."

மெயின் சுவிச்சில் அவன் வயரை முடித்ததற்குக் காரணம் அதுதான். எனக்கு மரியாதை வைத்து, என் நட்டைத் தொடாமல் விட்டிருக்கிறான். அந்த மரியாதை நடுக்கடலில் ஒரு படகை நிற்பாட்டிவிட்டது.

மண்தாளால் இரண்டையும் மினுக்கி, காய்ந்த துணியால் துடைத்து, வெறும் உலோகத்தில் உலோகம் படும்படி இறுக்கி, அதற்கு மேல் கிறீஸ் பூசினோம். செல்வம் திறப்பைத் தொட்டதும் இஞ்சின் பிடித்தது.

6. கேட்டது கிடைத்தது

மேலே வந்ததும் முதலாளி என்ன பிழை என்று கேட்டார். இரண்டு பேரையும் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறக்க முதல் குகன் சொன்னான்.

"லக் பழுது முதலாளி. நான் முதல் நாளே கழட்டிப் பாத்திருக்கவேணும். என்ரை பிழை."

தம்பி, நீ இனி இந்தப் பக்கம் வரத் தேவையில்லை என்றார் முதலாளி. சத்தம் போடவில்லை. என் பக்கம் திரும்பி, "அண்ணை, இனிப் பழையபடி நீங்களே பாருங்கோ. உங்களை விட்டிட்டு வேறை ஆளைத் தேடினது நான் செய்த பிழை" என்றார்.

நான் தலையாட்டினேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

படகு நின்றது. ஆருக்கும் ஒன்றும் ஆகவில்லை. படகு திரும்ப என் கைக்கு வந்துவிட்டது. நான் கேட்டதில் ஒன்றுகூடக் குறையாமல் கிடைத்திருந்தது.

குகன் தன்னுடைய மோட்டார் சைக்கிளில் எனக்கு முன்னாலேயே போய்விட்டான். வீட்டுக்கு வந்தேன். வசந்திக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. சோறு போட்டாள். "தம்பி பிழை விட்டவனோ?" என்று கேட்டாள். "ம்" என்றேன். ஒரு எழுத்துத்தான். அதைவிடப் பெரிய பொய் நான் சொன்னதில்லை.

இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். முதல் நாள் உண்மையாகவே சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைக்கு வந்த ஒருவரிடம் "எங்கடை போட்" என்று சொல்லிக்கூடப் பார்த்தேன். அடுத்த நாள் வசந்தி சொன்னாள், குகன் போன் எடுத்தானாம், அத்தானுக்கு அண்டைக்குக் காத்துக்குள்ளை போய் வந்தது தலையிடியோ, நேரத்துக்குச் சாப்பிடுகிறாரோ என்று கேட்டானாம்.

அது என்னைச் சுட்டது. நன்றியால் என்று நினைக்க வேண்டாம். பொறாமைதான். வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரன் என்பதைப் பொறுத்துக்கொள்ளப் பழகிக்கொண்டிருந்தேன். இப்போது மனிதத்தனத்திலும் முந்திக்கொண்டு போகிறான். அவன் எனக்காகப் பழியைச் சுமக்க, நான் அதன் மேல் ஏறி இருந்து படகு வைத்திருக்கிறேன். இதில் அவனை என்னால் வெல்ல முடியாது. ஆனால் இவ்வளவு தூரம் தோற்கவும் மனம் விடவில்லை. நல்ல எண்ணத்தால்தான் முதலாளியிடம் போனேன் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பாதி அதுதான். மிச்சப் பாதி, கடவுள் பொறாமையைக்கூட ஏதோ ஒரு வேலைக்கு எடுத்துக்கொள்கிறார் என்று நினைக்கிறேன்.

7. துறையில்

முதலாளி துறையில் நின்றார். செல்வம் அவருக்குப் பக்கத்தில் இருந்து படகின் விளிம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தான். அவனும் கேட்கட்டும் என்று அங்கேயே சொன்னேன். லக் பழுதில்லை, நான் பூசிய சந்தனமும் திருநீறும்தான், குகனுக்கு அது தெரியும், என்னைக் காப்பாற்றத் தன் பிழை என்றான் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப மூண்டு பற்றரியும்?"

"ஓம். மூண்டும் என்ரை கையாலைதான்."

"இவனை நான் பேசினது?"

செல்வத்தின் தூரிகை நின்றுவிட்டது. நான் அவன் பக்கம் திரும்பினேன். வயதில் எனக்குப் பிள்ளை மாதிரி. "தம்பி, லைற் போட்டு விட்டதெண்டு நான் சொன்னது பொய். எனக்குக் காரணம் தெரியேல்லை, அதாலை உன்னிலை போட்டனான்" என்றேன்.

அவன் வர்ண வாளியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எனக்குத் தெரியும் அண்ணை. நான் ஒவ்வொருநாளும் நிப்பாட்டிப் போட்டுத்தான் போறனான்."

முதலாளி படகின் பக்கம் பார்த்தபடி கதைத்தார். "அண்ணை, நீங்கள் வந்து சொன்னது பெரிய விசயம். நான் மறக்கமாட்டன். ஆனால் இது சனம் ஏறுகிற போட். உங்களுக்கும் எனக்கும் உள்ள பழக்கத்தை நான் இதுக்குள்ளை கொண்டுவரக்கூடாது."

"விளங்குது."

"அவனைக் கூப்பிடவேணும். நான் பேசி அனுப்பினது. எனக்குக் கூப்பிட முகமில்லை. நீங்கள் எடுத்துத் தாறியளோ?"

போனை எடுத்தேன். அவனுடைய பெயரைத் தேடி அமத்த எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. கண்ணாடி கொண்டுவராததும் ஒரு காரணம். இரண்டாவது மணி அடிக்கும்போதே எடுத்துவிட்டான்.

"சொல்லுங்கோ அத்தான்."

"முதலாளி உன்னோடை கதைக்கவேணுமாம். நான் எல்லாம் சொல்லிப்போட்டன்."

"ஏன் அத்தான், விட்டிருக்கலாமே" என்றான்.

"அது இருக்கட்டும். நீ இந்தப் போட்டை எடுத்தால் முதல் வேலையா நான் பூட்டினது முழுக்கக் கழட்டிப் பார். லைற், பம்ப், சுவிச், எல்லாம். ஒரு நட்டையும் அத்தான் பூட்டினது எண்டு விட்டிடாதை."

"சரி அத்தான்."

போனை முதலாளியிடம் கொடுத்தேன்.

அவன் கழற்றிப் பார்த்தான். பம்புக்குப் போகிற வயரில் இன்னொரு இடம் கருகியிருந்ததைக் கண்டுபிடித்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். அதுவும் நான் போட்ட மூட்டுத்தான். முன்னைய குகன் என்றால் காட்டாமல் மாற்றியிருப்பான்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பற்றரி நிரம்பவில்லை என்றால் ஓல்ரநேற்றரைக் கழற்ற முதல் லக்குக்கும் ரேமினல் தலைக்கும் இடையில் மீற்றரை வையுங்கள்; ஸ்ராட்டர் சுற்றும்போது வையுங்கள், சும்மா இருக்கும்போது வைத்தால் ஒன்றும் தெரியாது. பொட்டு வைப்பதென்றால் பெட்டிக்கு வையுங்கள், அதிலும் அம்மன் இருப்பா. மூத்தவன் பூட்டினது, சொந்தக்காரன் பூட்டினது, பூசை வைத்துப் பூட்டினது என்று எந்த நட்டையும் கும்பிட்டுவிட்டு விடாதீர்கள், கழற்றிப் பாருங்கள். உங்களுடையதை ஒருவன் கழற்ற வந்தால் ஸ்பானரைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அப்படி நிற்கும்போது வயிறு எரியும். எனக்கு இன்றைக்கும் எரிகிறது. எரிந்தாலும் ஸ்பானரைக் கொடுக்கலாம்.